பிள்ளைக்கு எந்தக் கணினி?



அண்மையில் ஒரு நாள் பள்ளி முடிந்து நான் புறப்படும் வேளையில் ஒரு தாய் வாசலில் காத்துக் கொண்டிருந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்; காலில் இருந்த பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "டீச்சர், மகனுக்கு டேப்லட் வாங்கலாமா, லேப்டாப் வாங்கலாமா? ரெண்டும் வாங்க நம்மகிட்ட காசு இல்ல. ஒண்ணுதான் முடியும்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றேன்க்கா" என்று அனுப்பி வைத்தேன். ஏனென்றால், சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு உடனே பதில் சொல்லி, ஒரு பிள்ளையை அல்லற்பட வைத்தவள் நான். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவி ஒருத்தி. எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகத் தேறி ஆறாம் படிவத்துக்குப் போனாள். தகப்பனார் குலை வெட்டுகிறவர். அவ்வாண்டு கிடைத்த போனஸ் பணத்தோடு என்னிடம் யோசனை கேட்க வந்தார். நான் தயங்காமல், "கைக்கணினி வாங்கிக் கொடுங்கள் அண்ணே. விலை குறைவு, கனம் இல்லை, சிம் அட்டை போட்டால் இணையமும் கிடைக்கும்" என்றேன். டேப்லட்டைத்தான் கைக்கணினி என்கிறேன். நம் தோட்டத்துப் பாட்டிமார் அதைப் 'பெரிய போன்' என்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை, உள்ளே இருப்பது பெரும்பாலும் கைப்பேசியின் உறுப்புகளே ஆதலால், பாட்டி வைத்த பெயர்தான் சரியான பெயர்.

முதல் சில மாதங்கள் குறை ஒன்றும் இல்லை. பாடக் குறிப்புகளைப் படித்தாள், விளக்கக் காணொளிகளைப் பார்த்தாள், கணக்குகளைத் தாளில் செய்து படம் பிடித்து அனுப்பினாள். பிறகு இடுபணி வந்தது. இருபது பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை. பொருளடக்கம் வேண்டும், அட்டவணை வேண்டும், ஊராரிடம் கேட்டுத் திரட்டிய எண்களை வரைபடமாக்க வேண்டும். அத்தனையையும் கண்ணாடித் திரையில் விரலால் தட்டினாள். எழுத்துப் பலகை எழும்பினால் திரையில் பாதி மறைந்து போகும். எழுதியது நாலு வரிதான் தெரியும். மேலே உள்ள பத்தியைக் கீழே நகர்த்த விரலை வைத்தால் வேறெங்கோ போய் நிற்கும். ஒருவாறு முடித்துப் பள்ளிக் கணினியில் திறந்தபோது அட்டவணைகள் பக்கம் தாண்டிக் கிடந்தன. பக்க எண்கள் கலைந்திருந்தன. ஒப்படைக்க நான்கு நாள்தான் இருந்தது.

நான் தீவில், சுங்கை பினாங்கில், அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை தகப்பனும் மகளும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து என் வீட்டுக்கு வந்தார்கள். என்னுடைய பழைய மடிக்கணினியில் இரண்டு நாள் உட்கார்ந்து முதலிலிருந்து சரி செய்தாள். அவள் அழவில்லை, கோபமாக இருந்தாள், அவ்வளவுதான். தகப்பனார் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக் கொண்டு, "நாங்க தப்பா வாங்கிட்டோமா டீச்சர்?" என்று கேட்டார். தப்பு அவருடையதன்று.

நான் செய்த பிழை என்ன? விலையைப் பார்த்தேன், வேலையைப் பார்க்கவில்லை. படிப்பதும், கேட்பதும், பார்ப்பதும் பிள்ளை வாங்கிக் கொள்ளும் வேலை. அதற்குக் கைக்கணினி மிக நல்ல சாதனம்; மடிக்கணினியைவிடவும் வசதி என்பேன். ஆனால், பிள்ளை திருப்பிக் கொடுக்க வேண்டிய வேலையும் உண்டு. கட்டுரை, அறிக்கை, கணக்கு அட்டவணை, கணினி நிரல் ஆகியவை அந்த வகை. படிவம் ஏற ஏற இந்த இரண்டாம் வகைதான் பெருகிக் கொண்டு போகும். அதற்குப் பத்து விரலும் பதியும் விசைப்பலகை வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஏடுகளை அருகருகே விரித்து வைக்க இடமும் வேண்டும்.

இது இன்று நேற்றுக் கண்ட செய்தியன்று. அமெரிக்கக் கணினி அறிஞர் ஆலன் கே 1972இல் 'டைனாபுக்' என்ற ஒரு கருவியைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். எல்லா வயதுப் பிள்ளைகளும் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கணினி அது. மடிக்கணினிக்கும் கைக்கணினிக்கும் அதுவே பாட்டன் எனலாம். தட்டையான பலகை போன்ற அந்தக் கருவியிலும் அவர் விசைப்பலகையை விடாமல் வரைந்திருந்தார். பிறகு 2010 ஜனவரி 27ஆம் நாள் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தார். கண்ணாடித் திரையை விரலால் தொட்டாலே போதும் என்று காட்டிய அதே நாளில், விசைப்பலகை பொருத்திய தாங்கி ஒன்றும் துணைப் பொருளாக அறிவிக்கப்பட்டது. செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

அடுத்த ஆண்டே, 2011 அக்டோபரில், இந்திய அரசு மாணவர்களுக்காக 'ஆகாஷ்' என்ற மலிவு விலைக் கைக்கணினியை வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை. நினைவகமோ 256 மெகாபைட்டு மட்டுமே. திரையை அழுத்தி அழுத்தித் தொட வேண்டும். விலை குறைந்தது என்பதற்காக வாங்கும் எவரும் இந்த ஆகாஷை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது. அதே 2011இல் தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பின்னர், 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தரப் போவதாக அறிவித்தபோது, கைக்கணினியா மடிக்கணினியா என்பதை மாணவரின் விருப்பத்துக்கு விடுவதாகச் சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவுச் சட்டை பொருந்தாதல்லவா?

நம் நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு கல்வி அமைச்சு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஏறக்குறைய 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. இருந்தவர்களிலும் பெரும்பாலோரிடம் இருந்தது திறன்பேசியே. மடிக்கணினி வைத்திருந்தோர் 10 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கைக்கணினி வைத்திருந்தோர் அவர்களினும் குறைவு. அதன் பிறகுதான் 2021இல் 'செர்டிக்' திட்டத்தின்கீழ் 500 பள்ளிகளில் உள்ள 150,000 மாணவர்களுக்கு என்று கருவிகள் ஒதுக்கப்பட்டன. 2022இல் 'பெராந்தி சிஸ்வா' திட்டத்தில் பி40 குடும்பத்து உயர்கல்வி மாணவர்களுக்குக் கைக்கணினி தரப்பட்டது. அதைப் பெற்ற என் பழைய மாணவர் சிலர், "கிடைத்தது மகிழ்ச்சிதான் டீச்சர், மடிக்கணினியாக இருந்திருந்தால் இடுபணிக்கு உதவியிருக்கும்" என்றார்கள். இலவசமாகக் கிடைத்ததைக் குறை கூறுகிறார்களே என்று அப்போது எனக்குச் சற்று வருத்தம். அந்த மாணவி என் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர்கள் சொன்னது விளங்கியது.

இதனால் கைக்கணினி வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். தோட்ட வீட்டுக்கு அது செய்யும் நன்மையை நகரத்தார் அறிய மாட்டார்கள். கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் காலை வகுப்புக்கு வரவே இல்லை. சோம்பல் அன்று. வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அது விடியற்காலையிலேயே அப்பாவின் சட்டைப் பையில் வெளிக்காட்டுக்குப் போய்விடும். அவர் திரும்பி வந்த பிறகு, மாலையில்தான் பிள்ளைக்குப் பாடம். மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்திருந்தாலும் பயனில்லை. அதற்கு இணையம் தருவதும் அதே கைப்பேசிதானே. சிம் அட்டை போடும் கைக்கணினி இருந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் நாள்தோறும் வந்தார்கள். அதற்கு மின்சாரமும் குறைவாகவே செலவாகும். ஒரு முறை ஏற்றினால் ஒரு பகல் தாங்கும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, கல்வி அமைச்சின் 'டெலிமா' தளத்தில் பாடம் பார்ப்பதற்கும் பயிற்சி செய்வதற்கும் அதுவே போதும். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்குவது, மிதிவண்டி ஓட்டப் பழகாதவனுக்கு லாரி வாங்கிக் கொடுப்பது போலத்தான்.

முன்பே கைக்கணினி வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். புளூடூத் விசைப்பலகை ஒன்றைச் சேர்த்துக் கொண்டால் பாதிக் குறை தீரும்; சிறிய மவுஸ் ஒன்றையும் இணைத்தால் இன்னும் கொஞ்சம். ஆனால் மூன்று செய்திகளைக் கடையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக் கொள்ளுங்கள். மைக்ரோசாப்ட் வோர்ட் செயலி 10.1 அங்குலம் வரையிலான திரைகளில்தான் இலவசமாகத் திருத்த இடம் கொடுக்கும். அதைவிடப் பெரிய திரையென்றால் சந்தா கேட்கும். கூகள் டாக்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுத்தது, கைக்கணினியையும் தனி விசைப்பலகையையும் உறையையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத் தொகை பல வேளைகளில் ஒரு சாதாரண மடிக்கணினியின் விலையை நெருங்கிவிடும். மூன்றாவது நம் மொழி. திரையில் தமிழ் எழுதுவதற்குக் குறையே இல்லை. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 2005இல் வெளியிட்ட செல்லினம் போன்ற செயலிகள் கைப்பேசியில் தமிழை எளிதாக்கிவிட்டன. ஆனால் தனி விசைப்பலகையை இணைத்தால் சில கருவிகளில் ஆங்கில எழுத்து மட்டுமே வரும். ஆகவே, கடைக்காரர் முன்னாலேயே பிள்ளையைத் தமிழில் நாலு வரி தட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பழைய மடிக்கணினி வாங்குவோரும் உண்டு. அலுவலகங்கள் கழித்துவிட்டவை துடைத்து மெருகேறி விற்பனைக்கு வருகின்றன. நல்ல வழிதான், கண்ணைத் திறந்து கொண்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டது. அடுத்த விண்டோஸ் 11, மிகப் பழைய கணினிகளில் முறைப்படி ஏறாது. இன்டெல் சில்லு என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். நினைவகம் 8 ஜிகாபைட்டு இருக்கட்டும். சேமிப்பகம் பழைய சுழலும் தட்டாக இல்லாமல் எஸ்.எஸ்.டி. ஆக இருக்கட்டும். மின்கலத்தை எடுத்த எடுப்பில் நம்ப வேண்டாம். கம்பியைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் கடையிலேயே ஓட விட்டுப் பாருங்கள். இந்த நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி, வாசலில் காத்திருந்த தாய்க்கு நான் சொன்ன பதில். மறுநாள் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். "மகன் எந்தப் படிவம்கா?" "நாலாம் படிவம் டீச்சர். கம்ப்யூட்டர் பாடமும் எடுத்திருக்கான்." "வீட்டில் கைப்பேசி எத்தனை மணிக்கு இருக்கும்?" "அவங்க அப்பா மூணு மணிக்கெல்லாம் வந்துருவாரு." இந்த இரண்டாம் கேள்விக்கான பதில் 2020இல் வேறு முடிவைக் கொடுத்திருக்கும். இன்று பகலில் பையன் பள்ளியில் இருக்கிறான். அவன் வீட்டுக்கு வரும்போது கைப்பேசியும் வந்துவிடுகிறது. அதிலிருந்து இணையம் எடுத்துக் கொள்ளலாம். நிரல் எழுதிப் பழக வேண்டியவனுக்குக் கண்ணாடியில் தட்டுவது காணாது. ஆகவே மடிக்கணினிதான், பழையதானாலும் சரி என்றேன். மூன்றாம் ஆண்டில் படிக்கும் தங்கை, அண்ணன் விட்ட நேரத்தில் பார்த்துக் கொள்வாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"எனக்குப் பார்த்து வாங்கத் தெரியாதே டீச்சர்" என்றார் அந்தத் தாய். வருகிற சனிக்கிழமை மகனை அழைத்துக் கொண்டு தீவுக்கு வருகிறார். நானும் உடன் போகிறேன். அந்தப் பழைய மாணவியிடம் கேட்டு, அவளுடைய இடுபணியை, அட்டவணைகள் கலைந்த அந்த முதல் படியையே, ஒரு பென்டிரைவில் வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் காட்டும் ஒவ்வொரு கணினியிலும் அதைத் திறந்து, ஒரு பக்கத்தைப் பையனையே சரி செய்யச் சொல்லப் போகிறேன்.