எகிப்தியக் கோயில்களிலே

(எமது சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



எகிப்து தேசத்துக்குச் சென்று வந்ததைப் பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டபொழுது, பிரமிட்டுகளைப் பற்றியே பேசுவோமென அவர் எண்ணியிருத்தல் கூடும். பிரமிட்டுகள் கல்லறைகள். நாம் சென்றது நைல் நதியின் மேற்பாகத்திலுள்ள கோயில்களைக் காண்பதற்கு. அவற்றைப் பற்றியும், அவற்றை எமக்குக் காட்டிய ஒருவரைப் பற்றியுமே இன்று சொல்ல விரும்புகிறோம்.

நால்வராகச் சென்றோம். லுக்சோர் நகரை அடைந்த மறுநாள், கையிலே புத்தகம் இருக்கிறதே, வழிகாட்டி எதற்கு என்ற துணிவோடு கர்நாக் கோயிலுள் நுழைந்தோம். அத்துணிவு அரைமணி நேரம் நிலைத்தது. பெரிய மண்டபத்திலே 134 தூண்கள். நடுவே நிற்கும் பன்னிரண்டும் ஏறத்தாழ 21 மீற்றர் உயரம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்ததே கண்ட பலன். தூணெங்கும் சுவரெங்கும் பறவையும் பாம்பும் கண்ணும் கையுமாகச் செதுக்கிய எழுத்துக்கள். ஒன்றேனும் எம்மோடு பேசவில்லை. நீண்ட அங்கி அணிந்த ஒருவர் சைகை காட்டி எம்மை ஒரு மூலைக்கு அழைத்துச் சென்றார். ஒரு சுவரைத் தொட்டுக் காட்டி, ‘பக்சீஸ்’ என்று கையை நீட்டினார். கொடுத்தோம். எதைக் கண்டதற்காகக் கொடுத்தோமென்பது இன்றுவரை எமக்கு விளங்கவில்லை.

அன்று மாலையே ஒரு வழிகாட்டியை எமக்கெனத் தனியே அமர்த்திக்கொண்டோம். பஸ்வண்டியிலே கூட்டமாக அழைத்துச் செல்வோரும் உளர். ஆனால் அக்கூட்டத்தார் கொடி பிடித்த ஒருவரின் பின்னே ஓடுவதைக் காலையிலேயே கண்டிருந்தோம். செலவு மிகுதிதான். அந்நாட்டிலே இத்தொழிலுக்கு அரசாங்க அனுமதிப் பத்திரம் வேண்டும். எமக்கு வாய்த்தவர் பல்கலைக்கழகத்திலே பழைய எகிப்திய வரலாறு கற்றவர்; அவ்வூரிலே பிறந்தவர்; வேளை தவறாது தொழும் முஸ்லிம் அன்பர். “எத்தனை கோயில் பார்க்க வேண்டும்?” என்று வினவினார். பட்டியலைக் கொடுத்தோம். வாங்கிப் பாதியை வெட்டிவிட்டார்.

மறுநாட் காலை மீண்டும் கர்நாக், அதே மண்டபம். எம்மை நடுவழியிலே நிறுத்தித் தூண்களின் தலைகளைப் பார்க்கச் சொன்னார். நடுவிலுள்ள பன்னிரண்டும் விரிந்த பப்பிரசுப் பூக்கள். இருமருங்குமுள்ள 122 தூண்களும் குவிந்த மொட்டுகள். நடுப்பகுதியின் கூரை உயர்ந்திருந்ததால் மேற்பலகணிகளின் வழியே அங்கு வெயில் விழும். வெயில் பட்ட இடத்தில் பூ விரிந்தது. இருளிலே நின்றது குவிந்தே நின்றது. கோயிலினுள்ளே செல்லச் செல்லத் தரை உயரும், கூரை தாழும், ஒளி குறையும். முடிவிலுள்ள இருண்ட சிற்றறையே மூலத்தானம். நாள்தோறும் குருமார் அதன் கதவைத் திறந்து, மூர்த்தியைத் துயிலெழுப்பி, தூய்மை செய்து, தைலம் பூசி, ஆடை சாத்தி, உணவு படைப்பர். ஓப்பெற்று விழாவிலே அமுன் தெய்வத்தைப் படகு வடிவான வாகனத்தில் ஏற்றி, லுக்சோர்க் கோயிலுக்கு எழுந்தருளச் செய்வர்.

இதனைக் கேட்டபொழுது எமக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எம்முள் ஒருவர், “இஃது எம்மிடமிருந்து சென்றதே” என்று தொடங்கிவிட்டார். வழிகாட்டி புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். தமிழர்க்கும் எகிப்துக்கும் தொடர்பு உண்டு. செங்கடற்கரையிலே குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறையில், ‘பானை ஒறி’ எனத் தமிழ்ப் பிராமியிற் பொறித்த ஓட்டினை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் அது கி. மு. முதலாம் நூற்றாண்டளவில் வந்த வணிகரின் பானை. கர்நாக் மண்டபமோ கி. மு. 13ஆம் நூற்றாண்டில் முதலாம் சேத்தியும் இரண்டாம் இராம்சேசும் எழுப்பியது. தெய்வத்தை அரசனாகப் பாவிக்கும் மக்கள் எந்நாட்டவராயினும் ஏறக்குறைய ஒரேவகையாகவே உபசரிப்பர். அதற்கு ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்கவேண்டியதில்லை.

பின்னர் அவர் எமக்கு ஒரே ஒரு பெயரை வாசிக்கக் கற்பித்தார். நாணல் இலை ஒன்று, காய் வைத்து ஆடும் பலகை ஒன்று, நீரலை ஒன்று. இலை ஒரு மெல்லிய மெய்யொலி. பலகை ம், ன் என்ற இரண்டுக்கும் சேர்ந்த குறி. நீரலை அந்த ‘ன்’ ஒலியை உறுதிப்படுத்துவது. இதுவே அமுன். சிறிது நேரத்துக்குள் எம்முள் இளையவர் ஒரு தூணருகே நின்று, “இதோ, இதோ” என்று கூவினார். நேற்றைக்கு ஊமையாய் நின்ற தூண் அது.

“அப்படியானால் அகரமும் உகரமும் எங்கே?” என்று கேட்டோம். அவற்றை எழுதும் வழக்கமே இல்லையாம். அன்பர்களே, எமது இலக்கணப்படி சொல்வதானால் அம்மக்கள் மெய்யை மாத்திரம் கல்லிலே பொறித்தனர். உயிரெழுத்து அவர்தம் நாவிலே இருந்தது. அந்த நா ஒழிந்தபின் கல்லிலே மெய் மட்டும் கிடந்தது. அமுன் என்று இன்று நாம் ஒலிப்பதும் கிரேக்கரும் கொப்தியரும் தத்தம் எழுத்திலே வைத்துச் சென்றதனால் ஆயது. கொப்தியம் பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம். கிரேக்க எழுத்தைத் தழுவி எழுதப்பட்டது. மக்கள் பேச்சிலிருந்து மறைந்தபோதும் எகிப்தியக் கிறித்தவரின் வழிபாட்டிலே அது நிலைத்தது. பிரெஞ்சு அறிஞர் சம்பொல்லியோன் அதனைக் கற்றிருந்தமையாற்றான், 1822இல் றோசெற்றாக் கல்லின் துணைகொண்டு சித்திர எழுத்தின் பூட்டைத் திறக்க முடிந்தது.

எட்பு நகரிலுள்ள ஹோரஸ் கோயில் கி. மு. 237இல் தொடங்கி 57இல் நிறைவெய்தியது. அதன் கூரைமேல் ஊரார் வீடு கட்டி வாழும் அளவுக்கு மணலும் குப்பையும் மூடிக் கிடந்ததை 19ஆம் நூற்றாண்டிலேதான் அகற்றினர். அங்கே நூலறை ஒன்றுண்டு, அலுமாரியளவே பெரிது. அதன் சுவரிலே நூல்களின் பட்டியல் பொறித்திருக்கிறது. சூரிய சந்திரரின் வருகையை அறிவதற்கான நூலும் அதில் ஒன்று. பட்டியல் இருக்கிறது, நூல்கள் இல்லை. நாம் அங்கே நின்ற நேரமே அதிகம்.

அக்கோயிலின் மூலத்தானத்தில் கருங்கல்லாலான மூர்த்தி மாடம் வெறுமையாய் நிற்கிறது. எம்முள் மூத்தவர் வாயிலிலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அருகே நின்ற பிறநாட்டார் சிலர் நகைத்தனர். எமது வழிகாட்டி நகைக்கவில்லை. அவர் திரும்பி வரும்வரை பேச்சை நிறுத்தி நின்றார்.

கடைசியாகப் பிலே. இசிஸ் தேவியின் கோயில் இருந்த அத்தீவு அணைக்கட்டினால் நீரில் மூழ்கிற்று. 1972 முதல் 1980 வரை அதனைக் கல் கல்லாகப் பிரித்து, அருகிலுள்ள அகில்கியாத் தீவிலே மீண்டும் கட்டினார்கள். அங்கு ஒரு வாயிற்சுவரிலே, செம்மையற்ற ஓர் உருவமும் சில வரிகளும் உள. கி. பி. 394 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒரு குருக்கள் தம் பெயரையும் தந்தையார் பெயரையும் பொறித்த வரிகள். இன்று அறியப்பட்டவற்றுள் சித்திர எழுத்தின் கடைசிச் சாசனம் அதுவே. தாமே கடைசியானவர் என்பதை அவர் அறிந்திருக்கமாட்டார். அதன்பின் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் அக்கோயில்களை வாசிக்க உலகில் எவருமில்லை. வழிகாட்டி அதைச் சொல்லிவிட்டு எம்மைத் தனியே விட்டு அப்பாற் சென்றார்.

திரும்பும்போது படகோட்டிப் பையன் அஸ்வான் எந்தத் திசையென்று கை காட்டினான். அப்பெயரே பழையது என்றார் வழிகாட்டி. பண்டை எகிப்தியர் சுவெனெற் என்றதைக் கொப்தியர் சுவான் என்றனர். அரபியிலே அஸ்வான் ஆயிற்று. பையனுக்கும் அரபியில் அதைச் சொன்னார். அவன் இயந்திரத்தைச் சற்றே தணித்துவிட்டு, தன் ஊர்ப் பெயரை மெதுவாக இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். அதற்குள் கரை வந்துவிட்டது.