பசித்த பூஞ்சணம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு கொடுக்கிற நாளில் பூஞ்சணத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. காரணம் உண்டு. நான் இந்தப் பள்ளியில் படித்தபோது, என் தகப்பனார் சேர்த்து வைத்த பணத்தில் மூன்று ஏக்கர் வாங்கிப் பால்மரக் கன்று வைத்தார். மூன்றாம் வருஷம் இலை மஞ்சளாகி மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. "தண்ணி பத்தல போலிருக்கு" என்றார். தண்ணீர் அல்ல; வேரிலே பூஞ்சணம். அது ஏன் வந்தது என்பது எனக்கே வெகு காலம் கழித்துத்தான் விளங்கிற்று.

அடுப்படியில் மறந்துபோன ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் பச்சைப் பொடி, சுற்றி வெள்ளை வளையம். வெள்ளை வளையம் என்பது நூல்கள். பூஞ்சணத்துக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நூலிலிருந்து சாற்றைக் கக்கி, உணவை வெளியிலேயே கரைத்து உறிஞ்சிக் கொள்ளும். நூல் வளர்வது நுனியில் மட்டுமே. நுனிக்கு முன்னால் புதுத் தோல் இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். நடுப்பகுதியில் சத்துக் குறைந்துவிடும், காற்றும் படும்; அங்கேதான் வித்துப் பொடி உண்டாகிறது. நாம் ஊதினால் பறக்கிறதே, அந்தப் பச்சை.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கியோர்க் கிளெப்ஸ் என்ற ஜெர்மானியர் இதைச் சோதித்தார். அவர் எடுத்தவற்றில் ஒன்று நீரில் வளரும் நூல் பூஞ்சணம். (இன்றைய விஞ்ஞானிகள் அதை உண்மைப் பூஞ்சண இனத்தில் சேர்ப்பதில்லை, அது வேறு கதை.) நல்ல சத்துள்ள நீரில் வைத்தால் அது நூலாகவே வளர்ந்தது. எடுத்து வெறும் தண்ணீரில் போட்டார். வளர்ச்சி நின்று, வித்துகள் உண்டாயின.

பசி எடுத்தால் பழைய நூல்கள் தம் சத்தையே கரைத்து, நுனிக்கும் வித்துக்கும் அனுப்புகின்றன. எந்தச் சத்து குறைந்தது என்பதும் முக்கியம். நியூரோஸ்போரா என்ற ஆரஞ்சு நிறப் பூஞ்சணத்துக்கு மாவுச் சர்க்கரைச் சத்துக் குறைந்தால் காற்றில் பறக்கும் வித்துகளைப் பெருக்கும். தழைச்சத்துக் குறைந்தால், ஆண் பெண் சேர்க்கைக்கான உறுப்புகளை உண்டாக்கத் தொடங்கும். யூரியா மூட்டையில் இருக்கிறதே, அதே தழைச்சத்துதான்.

இனி என் தகப்பனார் நிலத்துக்கு வருவோம். வெள்ளை வேர் நோய்ப் பூஞ்சணம் வெறுங்கையோடு மரத்தைத் தாக்காது. பழைய மரத்தை வெட்டிய அடிக்கட்டையும் வேரும்தான் அதன் சாப்பாட்டு மூட்டை. அங்கிருந்து தின்றுகொண்டே வெள்ளைக் கயிறு போன்ற நூல்களை நீட்டி, பக்கத்துக் கன்றின் வேரைப் பிடிக்கும். மூட்டை பெரிதானால் நெடுந்தூரம் போகும். சிறிதானால் வழியிலேயே ஓய்ந்துவிடும். அப்பா செலவுக்குப் பயந்து கட்டைகளைத் தோண்டாமல் விட்டார். அதைக்கூட மன்னிக்கலாம். நிரைகளுக்கு நடுவே படர்ந்த அவரை இனக் கொடிகளை, "உரத்தையெல்லாம் இதுவே தின்னுடும்"னு ஆள் விட்டுப் பிடுங்கினாரே, அதுதான் பெரிய தவறு. அந்தக் கொடி தன் வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுப்பது. அதன் நிழலிலும் ஈரத்திலும் அடிக்கட்டைகள் சீக்கிரம் மக்கும். பூஞ்சணமும் கொடியின் மெல்லிய வேர்களில் அலைந்து, கையிருப்பைச் செலவழித்துவிடும். முதலில் நோய் கூடுவதுபோல் தெரிந்தாலும் பின்னால் குறையும். 1925-ல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் வயலில் சோதித்துச் சொன்ன செய்தி இது.

அடிமரத்தில் ஆரஞ்சு நிறக் காளான் தட்டுகள் தெரிந்தபோது அப்பா, "இப்பத்தான் நோய் வந்துருக்கு" என்றார். அது முடிவுக் கட்டம். உள்ளே தின்று முடித்து வித்துப் பரப்பும் நேரம். காற்றில் போகும் அந்த வித்து, புதிதாய் வெட்டிய கட்டையைத் தேடும். சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள் இலை மங்கும்போதே அடிமண்ணை விலக்கி, வேரில் வெள்ளை நூல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகளே, மேடைக்குக் கீழே மேசையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஆரஞ்சுப் பழம் வைத்திருக்கிறேன். ஒன்று நான்கு நாள் பழையது, மற்றது பத்து நாள். வரிசையாக வந்து வெள்ளையும் பச்சையும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மூடியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்; தலைமையாசிரியர் என்னை மறுபடி கூப்பிட மாட்டார்.