மறுதேதியில் எழுதினால் பேப்பர் கடினமா?

(நம் சங்கத்தின் பெற்றோர் - மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பி.காம். இயற்பியல் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் நம் குடியிருப்பில் பலருக்குப் பேரன் பேத்திகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அதனால், போன மே மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஏ.பி. என்றொரு தேர்வு எழுதுகிறார்கள். காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது. கல்லூரி முதலாண்டுத் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து எழுதுவது. 1 முதல் 5 வரை மதிப்பெண். என் பேரன் எழுதவேண்டியது பிசிக்ஸ் சி மெக்கானிக்ஸ். கால்குலஸ் போட்டுச் செய்யும் பேப்பர். கொள்குறி வினா 40, விரித்து எழுதும் வினா 4, மொத்தம் மூன்று மணி நேரம். முந்தின நாள் ராத்திரி பையனுக்கு 103 டிகிரி காய்ச்சல்.

"மாத்திரை போட்டுக்கிட்டாவது போய் எழுதிடறேன் தாத்தா. லேட் டெஸ்டிங் பேப்பர் ரொம்ப டஃப்னு எல்லாரும் சொல்றாங்க" என்று போனில் அழாத குறை.

எனக்கு 1979 ஞாபகம் வந்தது. ஏப்ரல் தேர்வின்போது எனக்கு அம்மை போட்டிருந்தது. காஸ்டிங் பேப்பரை அக்டோபரில்தான் எழுதினேன். அக்டோபர் பேப்பர் கழுத்தை அறுக்கும் என்று அன்றும் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஐந்து மாதம் நான் புத்தகத்தையே தொடவில்லை, அதை யாரிடமும் சொல்லவில்லை!

தவறவிட்டவர்களுக்கு வேறு வினாத்தாள் என்பது உண்மைதான். அதே தாளைக் கொடுத்தால் முதலில் எழுதியவன் சொல்லிவிடுவானே. இரண்டு தாள்கள் அச்சு அசலாக ஒரே கடினத்தில் அமையாது. அதை எப்படிச் சரிக்கட்டுகிறார்கள்?

நகைக்கடன் பிரிவில் இருந்தவன் பாணியில் சொல்கிறேன். இரண்டு தராசுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரே எடைக்கல்லை இரண்டிலும் வைப்போம். அதுபோல, ஏற்கெனவே வேறு தாளில் கேட்ட சில கொள்குறி வினாக்களைப் புதிய தாளிலும் சேர்ப்பார்கள். அந்த வினாக்களை இந்தக் கூட்டம் எப்படிச் செய்தது, அந்தக் கூட்டம் எப்படிச் செய்தது என்று பார்த்தால், தாள் கடினமா, எழுதியவர்கள் பலவீனமா என்று பிரித்துவிடலாம். தாள் கடினம் என்றால் 5 வாங்கத் தேவையான மதிப்பெண்ணும் இறங்கும். கொள்குறி வினாக்களை வெளியே பேசக்கூடாது என்று அவர்கள் கண்டிப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஜே.இ.இ. மெயினில் வேறு முறை. அந்தந்த ஷிப்டில் உங்கள் அளவோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் பெர்சன்டைல். ஒவ்வொரு ஷிப்டிலும் ஏராளமானோர் கலந்து எழுதுவதால் அது பொருந்தும். தவறவிட்டு எழுதுவோர் சிறு கூட்டம், அதுவும் வேறு மாதிரிக் கூட்டம். அங்கே அது பொருந்தாது.

ஆக, பேரனைப் படுக்கச் சொன்னேன். காலையில் என் மகள் முதல் வேலையாகப் பள்ளி ஏ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் பேசி மாற்றுத் தேதி வாங்கினாள். நாமாகப் போய் எழுத முடியாது, பள்ளி வழியாகத்தான். நடுநாட்களில் தினம் இரண்டு பழைய கணக்காவது போடு என்று நச்சரித்தது மட்டும் என் பங்கு.

நம் ப்ளஸ் டூ துணைத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே தராசு ஒப்பிடுவதெல்லாம் இல்லை, எடுத்ததுதான் மதிப்பெண். ஆனால் வினாத்தாளின் அமைப்பு அதேதான்: இயற்பியல் எழுத்துத் தேர்வு 70, அதில் ஒரு மதிப்பெண் வினாவே 15. புதிதாக ஒன்றும் வராது. ரிசல்ட் வந்த துக்கத்தில் முதல் இரண்டு வாரத்தை விட்டுவிடாதீர்கள்.

ஜூலையில் பேரனுக்கு 4 வந்தது. பேப்பர் எப்படி இருந்தது என்று கேட்டேன். "சுழற்சிக் கணக்கு ஒண்ணு படிக்கலை தாத்தா, அதான்" என்றான்.