வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால்



விடியற்காலையில் காரைக்கால் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு கட்டைப் பை. அதற்குள் ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மாத்திரை அட்டைகள், சின்னத் தூக்கில் இட்லி. ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள். கணவருக்கோ மாமியாருக்கோ உடம்பு சரியில்லை. வண்டி சீர்காழியைத் தாண்டுவதற்குள் வீட்டிலிருந்து போன் வரும்: "அம்மா, இன்னைக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டணும்னு சொன்னேனே, மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருப்பார். முந்தின நாள் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டிருப்பார். கேஸை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி ஓடிவந்திருப்பார். இந்த வயதிலேயே மறதி நோயா என்று பயம் ஒரு பக்கம். பெற்ற பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்ற வேதனை அதைவிடப் பெரிது. அவருக்காகவும், அதே நிலையில் தவிக்கும் தகப்பன்மார்களுக்காகவும்தான் இன்று பேசுகிறேன்.

ஒரே நேரத்தில் மனசு எத்தனை விஷயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்? ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956ல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் எழுதினார். 2001ல் நெல்சன் கோவன் அதை ஏறக்குறைய நான்கு என்று குறைத்தார். நான்கே நான்கு! மாத்திரை வேளை, டாக்டர் சொன்ன தேதி, வட்டிக்கு வாங்கிய பணம், ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டுமே என்ற கலக்கம். இடம் நிறைந்துவிட்டது. பரீட்சை ஃபீஸ் எங்கே உட்காரும்?

இதோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கெட்ட தூக்கம். கவலை நாள்கணக்கில் நீடித்தால் உடம்பில் கார்டிசால் என்ற சுரப்பு கூடி, நினைவைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியைத் தளர்த்துகிறது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்யூவன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அழுத்தம் நீங்கியதும் அந்தத் தளர்ச்சி பெருமளவு சரியாவதையும் விலங்குகளிடம் அவருடைய குழு கண்டது. அது பெரிய ஆறுதல்.

வல்லாரை சாப்பிடு, ஞாபகசக்தி வரும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறைய வேண்டியது பாரம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே ஃபீஸ் தேதியையும் மாத்திரை தீரும் நாளையும் எழுதுங்கள். பத்து வயதுப் பிள்ளை அதைத் தினமும் காலையில் உரக்கப் படிக்கட்டும். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மாவுக்கு அதே நினைப்பு, அதனால் மறக்கிறேன்" என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், நம்மேல் அம்மாவுக்குப் பிரியம் போய்விட்டது என்று அதுவாக நினைத்துக்கொள்ளும்.

ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வருகிற சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க" என்றால், என்ன கேட்பது என்று யோசிக்கும் வேலையும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. "வியாழக்கிழமை பிள்ளையை ஸ்கூல்லேருந்து நானே கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லுங்கள். அவர் நினைவுபடுத்தும்வரை காத்திருக்காமல் போய் நில்லுங்கள். வேலையை மட்டுமில்லாமல் அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பையும் வாங்கிக்கொண்டால்தான் அது உதவி.

எல்லா மறதியையும் கவலையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு குறைபாடும் பி12 குறைவும்கூட மறதி தரும். அரசு பொது மருத்துவமனைக்கு நோயாளியோடு போகிற அன்றே உங்கள் ரத்தத்தையும் சோதிக்கக் கேளுங்கள். பழகிய தெருவே குழம்பினால், தெரிந்த பொருளின் பெயரே வராவிட்டால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் 14416. டெலி மனஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். கட்டணம் இல்லை. நோயாளி உறங்கிய பிறகு, நடுராத்திரியிலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.