தொடங்கிய வேலையை முடிப்பது எப்படி?

(புதிதாக வந்தோருக்கான தகவல் கூட்டத்தில், கணனியில் குறும்படம், ஒலிப்பதிவு, இணையத்தளம் போன்றவற்றைச் செய்துவருவோருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



விசாரணைத் திகதிக்காகக் காத்திருக்கிற இந்த நாட்களில் உங்களில் சிலர் நல்ல வேலைகளைத் தொடங்கியிருக்கிறீர்கள். ஊரைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறவர்களும் இருக்கிறீர்கள், அம்மம்மாவின் பாட்டுகளைத் தொலைபேசி வழியாகப் பதிவு செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். ஆனால் "தொடங்கியாச்சு, முடிக்கத்தான் மனம் வருகுதில்லை" என்று பலர் சொல்கிறீர்கள். வழக்கு என்னாகுமோ என்ற யோசனை தலைக்குள் இருக்கும்போது அப்படித்தான் இருக்கும். ஆகவே மனம் வரும்வரை காத்திராமல், மனம் சோர்ந்த நாளிலும் கொஞ்சம் நகரக்கூடிய மாதிரி வேலையை ஒழுங்கு செய்யுங்கோ.

இதற்கு எங்களிடம் உதாரணம் உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கலாநிதி கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தொண்டர்கள் தங்கள் வேலை முடிந்த நேரத்தில் பழந்தமிழ் நூல்களைக் கணனியில் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் பிழை திருத்தினார். 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்து வருகிறது. இருவருமே பெரிய வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத்தான் செய்தார்கள்.

நீங்கள் செய்யவேண்டியவை இவை.

முதலாவது, முடிவை எழுதி வையுங்கோ. "ஊரைப் பற்றி ஒரு படம்" என்றால் அதற்கு முடிவே வராது. "பத்து நிமிடப் படம், மூன்று பேரின் பேச்சு" என்றால் எப்போது முடிந்தது என்று தெரியும்.

இரண்டாவது, ஒரு தடவைக்கு ஒரு துண்டு. இண்டைக்கு ஒரு பேச்சை வெட்டுவது, நாளைக்கு அதற்கு எழுத்துப் போடுவது. எழும்பும் முன் அடுத்த துண்டு எதுவென்று கொப்பியில் ஒரு வரி எழுதுங்கோ. இரண்டு கிழமை விட்டுப்போனாலும் அந்த வரியில் இருந்து தொடங்கலாம்.

மூன்றாவது, கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வையுங்கோ. திகதி, விடயம், எத்தனையாவது திருத்தம் என்று ஒரே முறையில் எழுதினால் தேடி அலையத் தேவையில்லை.

நான்காவது, ஒரு பிரதியை மட்டும் நம்பாதீர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறு பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. 2023 அக்டோபரில் ரொறன்ரோ பொது நூலகத்தின் கணனிகளும் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, சேவைகள் மீள மாதங்கள் எடுத்தன. ஒரு பிரதி உங்கள் கையில், ஒன்று இணையச் சேமிப்பில், முடிந்தால் இன்னொன்று நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். பொதுக் கணனியில் சேமித்துவிட்டுப் போகாதீர்கள்.

சொந்தக் கணனி இல்லையா? பொது நூலகக் கணனிகளை இலவசமாகப் பாவிக்கலாம். ஸ்காபரோ சிவிக் சென்ரர் போன்ற சில கிளைகளில் வீடியோ, ஒலி வேலைகளுக்கான டிஜிட்டல் கூடங்களும் உண்டு. அட்டை எடுக்க என்ன கடிதம் வேண்டும் என்று அங்கேயே கேளுங்கோ. தங்குமிடத்தில் இருக்கிறவர்கள் அதையும் சொல்லுங்கோ.

ஐந்தாவது, கிழமைக்கு ஒரு நாள் ஒருவருக்குக் காட்டுங்கோ. ஒருவர் பார்க்கக் காத்திருக்கிறார் என்றால் கை தானாக வேலைக்குப் போகும்.

இனிச் சொல்வதைக் கட்டாயம் கவனியுங்கோ.

வழக்கு ஆவணங்களை உங்கள் படைப்புக் கோப்புகளோடு கலக்காதீர்கள். அவற்றுக்குத் தனிக் கோவை வேண்டும். சட்டத்தரணி தந்த திகதிகளை நாட்காட்டியில் முதலில் குறியுங்கோ. படைப்பு வேலை மிச்ச நாட்களில் நடக்கட்டும்.

எதையும் இணையத்தில் போடமுன் சட்டத்தரணியிடம் காட்டுங்கோ. ஊரில் உள்ளவர்களின் முகம், பெயர், வீடு தெரிந்தால் அவர்களுக்கு ஆபத்து வரலாம். கைத்தொலைபேசிப் படத்தில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கக்கூடும். நீங்கள் விண்ணப்பத்தில் சொன்ன திகதியும் படத்தில் சொன்ன திகதியும் மாறுபட்டால் விசாரணையில் கேள்வி வரலாம். வேலையை முடிப்பது வேறு, வெளியிடுவது வேறு. இப்போது முடித்து வைத்து, வழக்கு முடிந்தபின் வெளியிடலாம். காசுக்கு இந்த வேலை செய்வதென்றால் வேலை அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

நித்திரை வராமல், எதிலும் மனம் பிடிக்காமல் பல நாட்கள் போனால் ஒழுங்கு மட்டும் போதாது. வைத்தியரிடமோ எங்கள் பணியாளரிடமோ சொல்லுங்கோ. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இண்டைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கோ: உங்கள் படைப்பு எப்போது முடிந்ததாகும் என்று ஒரே வரியில் எழுதுங்கோ. அடுத்த கூட்டத்துக்கு அந்த வரியைக் கொண்டு வாருங்கோ. மிச்சத்தைச் சேர்ந்து பிரிப்போம்.