மூளையின் பட்டை



பால்மரம் வெட்டியவர்களுக்குப் பட்டையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மரம் எவ்வளவு பருமனாக இருந்தாலும் பால் இருப்பது பட்டையில்தான். உளி சற்று ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பிறகு அங்கே உளி சீராக ஓடாது. கங்காணியின் ஏச்சு வேறு. இன்று கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் அருகிப்போய்ச் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. என்றாலும் நம் குடும்பங்களில் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தப் பட்டைக் கணக்கைச் சொல்வார்கள்.

நம் தலைக்குள்ளும் அப்படி ஒரு பட்டை இருக்கிறது. பெருமூளையின் மேற்பரப்பு முழுவதையும் மூடியிருக்கும் சாம்பல் நிறப் படலம் அது. மேலைநாட்டு அறிஞர்கள் அதற்குக் கார்டெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அது இலத்தீன் சொல். மரப்பட்டை என்பதே அதன் பொருள். தமிழில் பெருமூளைப் புறணி என்கிறோம். புறணி என்றதும் லயன் வாசலில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக் கதை பேசுவது சிலருக்கு நினைவு வரலாம். அந்தப் பேச்சும் இந்தப் புறணியின் உதவியால்தான் நடக்கிறது என்பதால், பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இதன் கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். ஆனால் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள துணியளவு வரும். அவ்வளவையும் மண்டை ஓட்டுக்குள் அடைக்க வேண்டியிருப்பதால்தான் மூளை மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் 1,600 கோடி அளவில் இந்த மெல்லிய படலத்தில் இருக்கின்றன. நாம் நினைப்பதும், பேசுவதும், கணக்குப் போடுவதும், கோபத்தை விழுங்கிக்கொள்வதும் இதனால்தான்.

இந்தப் பட்டை எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தோட்டத்தை நிரை நிரையாகப் பிரித்து ஆள் விடுவதுபோல் இங்கும் பங்கீடு உண்டு. பிடரிப் பக்கம் பார்வைக்கு. காதுகளுக்கு மேலே உள்ள பக்கம் கேட்பதற்கு. நடு உச்சியிலிருந்து இரு காதுகளை நோக்கி இறங்கும் இரண்டு கீற்றுகளில் ஒன்று உடலை அசைப்பதற்கு, மற்றொன்று தொடுவுணர்ச்சிக்கு. இடப்பக்க மூளை வலக்கையையும், வலப்பக்க மூளை இடக்கையையும் ஆள்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் வேலை என்ன என்பது நெடுங்காலம் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

இந்தப் பங்கீடு கல்லில் வெட்டியதல்ல என்பதற்குச் சான்று வேண்டுமானால் பிரிக்பீல்ட்ஸ் வரை போனால் போதும். 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலுடன் நடந்து போகிறவர்களையும், உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்யும் பார்வையற்றவர்களையும் அந்தத் தெருக்களில் பார்க்காதவர் இல்லை. அவர்கள் விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்துக்குப் பிரெய்ல் என்று பெயர். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர் பிரெய்ல் வாசிக்கும்போது அவருடைய மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது? தொடுவுணர்ச்சிப் பகுதி என்று நாம் சொல்லிவிடுவோம். 1996இல் ஆராய்ச்சியாளர்கள் கருவிகளைக் கொண்டு பார்த்தபோது, பிடரிப் பக்கத்துப் பார்வைப் பகுதியும் சேர்ந்து வேலை செய்வதைக் கண்டார்கள்! கண் அனுப்ப வேண்டிய செய்தி வராததால் அந்த நிலம் தரிசாகக் கிடக்கவில்லை. விரல் அதைப் பயிரிட்டுக்கொண்டது.

இது வெறும் ஊகமல்ல. ஸ்பெயின் நாட்டில் பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண்மணி பிரெய்ல் வாசிப்பதில் தேர்ந்தவர். பக்கவாத நோயால் அவருடைய மூளையின் பிடரிப் பகுதி இரண்டு பக்கமும் கெட்டது. அதன் பிறகு அவர் விரலில் உணர்ச்சி இருந்தது, புள்ளிகள் தட்டுப்பட்டன, ஆனால் எழுத்தை வாசிக்க முடியவில்லை. கண் பார்த்தே அறியாத ஒருவர் மூளையின் பார்வைப் பகுதியை இழந்து வாசிப்பை இழந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தமிழகத்தில் 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன் என்பவரும் இப்படி ஒன்றைக் கண்டார். கை துண்டிக்கப்பட்டவர்கள் பலருக்கு இல்லாத அந்தக் கை இன்னும் இருப்பதுபோல் தோன்றும், வலிக்கவும் செய்யும். ஆலை இயந்திரத்தில் கையை இழந்தவர்கள் இப்படிச் சொன்னால், பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று நாம் நினைத்துவிடுகிறோம். இராமச்சந்திரன் அப்படிப்பட்ட ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சுக் குச்சியால் அவர் கன்னத்தைத் தொட்டார். இல்லாத கையின் விரலைத் தொடுவதாக அவர் சொன்னார். காரணம், தொடுவுணர்ச்சிப் பட்டையில் முகத்துக்கான இடமும் கைக்கான இடமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். கையின் வீடு காலியானதும் முகத்திலிருந்து வரும் செய்தி அங்கும் நுழைந்துவிட்டது என்று அவர் விளக்கினார். புத்தி பேதலிக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

அடுத்தது பேச்சு. பெரும்பாலோருக்குப் பேச்சின் இடம் இடப்பக்க மூளையில் இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா இதைக் காட்டினார். இரத்தக் கொதிப்பும் இனிப்புநீரும் நம் மக்களிடையே அதிகம். இவற்றைக் கவனியாமல் விட்டவருக்கு இடப்பக்க மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் வலக்கை, வலக்கால் விழும், பேச்சும் போகலாம். இப்படிப் படுத்திருக்கும் தாத்தாவைப் பார்த்து, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் எதிரிலேயே சொத்து விஷயம் பேசுகிற வீடுகள் உண்டு. சொல் வராதவருக்குப் பொருள் விளங்காது என்று நினைப்பது சரியல்ல. பலருக்கு நன்றாக விளங்கும். பேச வராத சிலர் பழகிய பாட்டை வார்த்தையோடு பாடியும்விடுவார்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் 999ஐ அழைத்துவிட வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் என்பதால், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதிக்கு வருவோம். இதன் கதை இரயில் பாதையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், பாதை போடுவதற்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் கங்காணி பினியஸ் கேஜ், வயது 25. வெடிமருந்தைக் கெட்டிக்கும் இரும்புக் கம்பி ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், ஆறு கிலோ எடை. மருந்து எதிர்பாராமல் வெடிக்க, கம்பி அவருடைய இடக் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறித் தூரத்தில் போய் விழுந்தது. ஆள் சாகவில்லை. சில நிமிடங்களில் பேசினார். மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து தங்குமிடம் சேர்ந்தார்.

சில மாதங்களில் காயம் ஆறியது. பார்வை ஒரு கண்ணில் போனதைத் தவிர, நடை, பேச்சு, நினைவு எல்லாம் இருந்தன. ஆனால் நிதானமான, பொறுப்பான கங்காணியாக இருந்தவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஒரு திட்டம் போடுவார், உடனே கைவிடுவார். கம்பெனி அவரைப் பழைய வேலையில் சேர்க்கவில்லை. இவர் முன்பு அறிந்த ஆளே அல்ல என்று நண்பர்கள் கூறியதாக, அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ 1868இல் எழுதினார். கெட்டது முன்மூளைப் பட்டை. அடக்கம், முன்யோசனை, பிறர் மனம் அறிதல் ஆகியவற்றுக்கும் மூளையில் இடம் தேவை என்பதை உலகம் அப்போதுதான் எண்ணிப் பார்க்கத் தொடங்கியது.

கோபமும் அச்சமும் பட்டையில் மட்டும் பிறப்பவை அல்ல. மூளையின் ஆழத்தில் வாதுமைக் கொட்டை வடிவில் ஓர் உறுப்பு உண்டு. செம்பனைக் காட்டில் காலடியில் வளைந்து கிடக்கும் எதையோ பார்த்ததும் நாம் துள்ளிக் குதிப்பது அதன் வேலை. அது பாம்பல்ல, காய்ந்த மட்டை என்று மறுநொடியில் அறிந்து அடங்குவது பட்டையின் வேலை. முன்பகுதிப் பட்டை கெட்டவருக்குத் துள்ளல் இருக்கும். அடங்கல் சரியாக இராது. அந்தப் பகுதி முழு வளர்ச்சி அடைய இருபத்தைந்து வயது வரை ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பதினாறு வயதுப் பையன் மோட்டார் சைக்கிளில் பறப்பதற்கு இது சாக்காகிவிடாது. ஆனால் சாவியைக் கொடுக்கும் தகப்பனார் அறிந்திருக்க வேண்டிய செய்தி. சாராயம் உள்ளே போனால் அந்த அடங்கல் தளர்கிறது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் முன்பட்டையே தேய்கிறது.

தலையில் அடிபட்டால் மிகுதியாகக் காயப்படுவது முன்பகுதியும் பக்கப்பகுதியும்தான். அந்த இடத்தில் மண்டை ஓட்டின் உட்புறம் கரடுமுரடாக இருப்பதால் மூளை அதில் உராய்கிறது. நம் நாட்டில் தலைக்கவசம் 1973 முதல் சட்டம். கழுத்து வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்களைக் கிள்ளான் சாலைகளில் இன்றும் பார்க்கிறோம். விழும்போது கவசம் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

இப்படி விழுந்து எழுந்து வந்தவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம். தையல் பிரித்தாயிற்று, நன்றாகச் சாப்பிடுகிறார், எல்லோரையும் அடையாளம் தெரிகிறது. ஆனால் பிள்ளை பால் குவளையைக் கொட்டினால் அடிக்கப் போகிறார். சம்பளத்தை ஒரே நாளில் செலவழிக்கிறார். அல்லது வாசலில் உட்கார்ந்தவர் எழுவதேயில்லை. மாமியார் மருமகளைக் குறை சொல்வார். அக்கம்பக்கத்தில் திமிர் என்பார்கள், சாமி குற்றம் என்பார்கள், யாரோ வைத்துவிட்டார்கள் என்பார்கள். அந்த மனைவியோ, இது என் புருஷன்தானா என்று கேட்கவும் முடியாமல் இருப்பாள். அம்மா, உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. கோயிலுக்குப் போவதை நாம் தடுக்கவில்லை, மருத்துவரிடமும் போங்கள். அவருக்குக் கைகால் ஆட்டிக் காட்டினால் மட்டும் போதாது. முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். நோயாளியையே கேட்டால், எனக்கு ஒன்றுமில்லை என்பார். தன் மாற்றத்தைத் தானே அறிய முடியாமையும் அந்த நோயின் ஒரு கூறு. அவர் கை ஓங்கும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விலகிப் போவதில் பாவம் ஏதுமில்லை. அடிபட்டுச் சில வாரங்கள் கழித்துத் தலைவலியும் தூக்கமும் அதிகமானால், குறிப்பாக வயதானவருக்கும் குடிப்பவருக்கும், உள்ளே மெல்ல இரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம். அதை அறுவையால் அகற்றிக் குணப்படுத்தலாம். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நரம்பியலுக்கென்றே துங்கு அப்துல் ரஹ்மான் பெயரில் தனி நிலையம் உண்டு.

வேலையிடத்திலோ, வேலைக்குப் போகும் வரும் வழியிலோ நடந்த விபத்தென்றால் சொக்சோவில் பதிந்துகொள்ளத் தவறாதீர்கள். முறிந்த எலும்பை மட்டும் எழுதிவிட்டு மாறிய குணத்தை விட்டுவிடுகிறவர்கள் பலர். மருத்துவ வாரியத்தின் முன் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேஜின் கதை கம்பெனி வாசலோடு முடியவில்லை. 1852இல் அவர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். விடியுமுன் எழுந்து குதிரைகளைத் தயார் செய்வது, ஒரே பாதை, ஒரே நேரம், பயணிகளோடு பேச்சு என்ற அன்றாட ஒழுங்கு அவரை ஓரளவு தேற்றியிருக்க வேண்டும் என்று பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். வலிப்பு கண்டு 1860இல் அவர் இறந்தார். இன்று மருத்துவமனைகளில் தலைக்காயம் பட்டவருக்குச் சொல்லித் தரும் பயிற்சியும் பெரும்பாலும் இதுவே: எழும் நேரம், பசியாறும் நேரம், ஒரு நேரத்தில் ஒரு வேலை, சுவரில் எழுதி ஒட்டிய பட்டியல், சத்தமில்லாத அறை. லயன் வீட்டில் சத்தமில்லாத அறைக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவைத்தாலும் போதும், அதிலிருந்து தொடங்கலாம்.