மருதம் காக்கும் சொல்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

'சட்டமும் சுற்றுச்சூழலும்' என்னும் தலைப்பு எனக்கு அளிக்கப்பட்டுள்ளது. இலக்கிய மேடையில் சட்டத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். புறநானூற்றின் 35ஆம் பாடல் அந்த ஐயத்தைப் போக்கும். சோழன் கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடினார். பொன்னும் யானையும் அவர் வேண்டவில்லை. அரசனின் வெற்றிக்கும் உழவே அடிப்படை என எடுத்துரைத்தார். நிலவரி நிலுவை நீங்கப் பெற்றார் என்கிறது அப்பாட்டின் கொளு. புலவரின் சொல் அரசாணையை மாற்றிய வரலாறு இது.

அதே சோழநாட்டில் நம் காலத்திலும் சொல் சட்டமாயிற்று. 2010ஆம் ஆண்டு காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்திற்கு உரிமம் வழங்கப்பட்டது. நிலக்கரிப் படிவத்திலுள்ள நீரை இறைத்து வெளியேற்றினால்தான் அழுத்தம் குறைந்து வாயு பிரியும். நீரால் வாழும் மருதத்தில் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டுவது என்றால் என்ன பொருள் என்பதை உழவர்க்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பேசினார். 2013 டிசம்பரில் அப்பணியினூடே மறைந்தார். 2015இல் மாநில அரசு அத்திட்டத்திற்குத் தடை விதித்தது. 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து எழுந்தனர். கிராமசபைத் தீர்மானங்களும் மனுக்களும் குவிந்தன.

அவற்றின் பயனாக 2020 பிப்ரவரி 20ஆம் நாள், தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டமுன்வடிவு பேரவையில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதன் காப்பில் வந்தன. எண்ணெய், இயற்கை வாயு, மீத்தேன் ஆகியவற்றுக்கான புதிய அகழ்வுகள் விலக்கப்பட்டன. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய நிலக்கரித் தொகுதிகள் ஏலத்திற்கு அறிவிக்கப்பட்டபோது, இச்சட்டத்தைச் சுட்டியே மாநில அரசு எதிர்த்தது. அவை ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. எழுத்தில் நின்ற சொல்லின் வலிமை அது.

ஆயினும் அன்பர்களே, சட்டத்தை முழுதும் படித்தல் வேண்டும். முன்பே நடந்துவரும் பணிகளை அது தீண்டவில்லை. குழாய்ப்பாதை, துறைமுகம் போன்ற கட்டமைப்புகளுக்கும் விலக்கு உண்டு. முதலில் அறிவிக்கப்பட்ட திருச்சி, அரியலூர், கரூர் பகுதிகள் சட்டத்தில் இடம்பெறவில்லை. தலைப்பில் அளித்ததை உட்பிரிவில் குறைத்துக்கொள்வது சட்டமொழியின் இயல்பு. அம்முன்வடிவு அறிமுகமான நாளிலேயே நிறைவேறியது. உழவர் அதை எப்போது படிப்பார்? தேர்வுக்குழுவுக்கு அனுப்பவேண்டும் என்ற எதிர்க்கட்சியின் கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. நடுவண் அரசின் சட்டமுன்வரைவுகளை 30 நாளேனும் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என 2014இல் ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. அந்த அவகாசம் மாநிலச் சட்டத்திற்கும் வேண்டும் என்று கேட்பது மிகையாகுமா?

அவகாசம் மட்டும் போதாது, மொழியும் வேண்டும். 2020இல் நடுவண் அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளியிட்டது. ஒரு குடிமகன் வழக்குத் தொடுத்தார். எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தன் நிலத்தைப் பற்றிய விதியைத் தன் மொழியில் படிக்கும் உரிமை, மொழியுரிமையினும் பெரிதாகிய வாழ்வுரிமை.

கவிஞர் பெருமக்களே! ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் பொருள் எங்கே சாயும் என்பதை உங்களினும் நன்கறிந்தவர் யார்? 'புதிய' என்னும் ஓர் அடைமொழிக்குள் எத்தனை பழைய கிணறுகள் தப்பிக்கின்றன என்பதை நீங்களே முதலில் காண்பீர்கள். ஆதலின் ஒன்று வேண்டுகிறேன். நிலம், நீர், மின்னாற்றல் பற்றிய முன்வடிவு எது வந்தாலும், நம் மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குவோம். பிரிவு பிரிவாகப் படித்து, எளிய தமிழில் எழுதி, ஊர்மக்களுக்கு அளித்து, நம் கருத்தைச் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புவோம். மருதத்திணையைப் பாடம் சொல்லும் நமக்கு மருதநிலத்தின் சட்டத்தையும் படிக்கும் கடமை உண்டு.

பத்தாண்டு கண்ட வட்டம் நூறாண்டு காண வாழ்த்தி அமைகிறேன்.